ரெட்டுக்கு ஃபாலோ: விண்வெளி சீரியலின் ஓரத்து ஆட்களைப் பார்க்கப் பழகுபவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் கேரம் ஆடத் தெரியாதவர்கள் இருக்கலாம். ரெட்டுக்கு ஃபாலோ போட வேண்டும் என்று தெரியாதவர்கள் இல்லை. சிவப்புக் காய் குழியில் விழுந்த சந்தோஷத்தில் கை தட்டிவிட முடியாது. அடுத்த அடியில் நம் காய் ஒன்றும் விழ வேண்டும். விழவில்லை என்றால் ரெட் மறுபடி நடுவட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒன்றுமே நடக்காதது போல.

விண்வெளி சீரியல்களில் இப்படி ஃபாலோ விழாத ரெட்டுகள் ஏராளம். ஓர் எபிசோடில் இருவர் மனம் திறந்து பேசிவிடுவார்கள். அடுத்த வாரம் எஞ்சின் பழுதைப் பற்றி மட்டும் பேசுவார்கள். ஓர் எபிசோடில் ஒருவர் செத்துப் பிழைப்பார். அடுத்த வாரம் வழக்கம்போலப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பார். இவற்றைக் கண்டுபிடித்துச் சண்டை போடுவதற்காகவே சனிக்கிழமை இரவுகளில் எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இத்தனை சீசன் இருக்கிறதே, எங்கே தொடங்குவது? வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

முதலில் ஓர் ஆளைப் பிடியுங்கள்

சீரியலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆளைத் தேர்ந்தெடுங்கள். நான் செய்த தவறு இதுதான். எல்லாவற்றையும் முறையாகப் பார்க்க வேண்டும் என்று முதல் சீசன் முதல் எபிசோடிலிருந்து போட்டேன். முதல் வாரம் பதினொரு பேர். ஐந்தாவது வாரம் மூன்று பேர், அதில் ஒருவர் என் தம்பி. ஏழு சீசன் ஓடிய சீரியலை வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் முடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

கேப்டனையும் பிடிக்க வேண்டாம். கேப்டனைக் கவனிக்கத் தனிப் பயிற்சி எதற்கு, கேமராவே அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டாம் வரிசையில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருக்கு முக்கியத்துவம் உள்ள ஐந்தாறு எபிசோடுகளை மட்டும் பாருங்கள். பொறுக்கிப் பார்ப்பது தப்பில்லையா என்று சிலர் கூச்சப்படுவார்கள். இந்த வேலைக்கு அதுதான் சரியான வழி.

தமிழ் டப்பிங்கை நம்பி உட்கார வேண்டாம், பெரும்பாலும் இருக்காது. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். எது எந்த ஓடிடியில் கிடைக்கிறது என்பது அடிக்கடி மாறும் என்பதால் அதை இங்கே எழுதிப் பயனில்லை.

நோட்டில் மூன்று கேள்வி

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு எபிசோடுக்கும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

ஒன்று, இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? கப்பல் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது பதில் ஆகாது, அது எல்லோருக்கும் வேண்டியதுதான். இரண்டு, வேலையைத் தவிர வேறு ஏதாவது இவரிடம் யாராவது கேட்டார்களா? ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டிருந்தால்கூடக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, போன முறை இவருக்கு நடந்தது இந்த முறை ஞாபகத்தில் இருக்கிறதா? இந்த மூன்றாவதுதான் ஃபாலோ. நோட்டில் அதிகம் காலியாகக் கிடக்கப்போவதும் அந்த இடம்தான்.

பழகுவதற்கு நான் எப்போதும் கொடுப்பது ஹாரி கிம்மை. ஸ்டார் டிரெக் வாயேஜர் 1995 முதல் 2001 வரை ஓடியது. பூமியிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தள்ளி வீசப்பட்ட கப்பல், வீடு திரும்பவே எழுபத்தைந்து ஆண்டு ஆகும் என்ற நிலைமை. கேரெட் வாங் நடித்த ஹாரி கிம் அதில் என்சைன், அதாவது அதிகாரிகளில் கடைசிப் படி. கிளாரினெட் வாசிக்கும் நல்ல பையன். முதல் எபிசோடில் என்சைனாக ஏறினார், ஏழு ஆண்டு கழித்துக் கடைசி எபிசோடிலும் என்சைன்தான். அவருடைய நண்பன் டாம் பாரிஸ் நடுவில் தண்டனையாக என்சைனாக இறக்கப்பட்டு, அப்புறம் பழைய பதவிக்கு ஏறியும் விட்டார். ஹாரி இருந்த இடத்திலேயே இருந்தார். இதைக் கேட்டபோது, யாராவது ஒருவர் என்சைனாக இருக்க வேண்டுமே என்று தனக்குப் பதில் கிடைத்ததாக வாங் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

எங்கள் கூட்டத்தில் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். இந்தக் கதையைச் சொன்னதும் அவர் கேட்டது: “அப்ப ஏழு வருசமா காண்ட்ராக்ட்லயே வெச்சிகிறாங்கன்னு சொல்லுண்ணே.” எண்ணூர், மணலிப் பக்கம் வேலை பார்க்கிற யாருக்கும் ஹாரி கிம்மை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பதவி உயர்வு சின்ன விஷயம். அதைவிடப் பெரியது இரண்டாவது சீசனில் 1996இல் வந்த ‘டெட்லாக்’ எபிசோட். கப்பல் அப்படியே இரண்டாகப் பிரதியாகிவிடுகிறது. ஒரு கப்பலில் சுவர் உடைந்து ஹாரி விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்பட்டு இறந்துபோகிறார். இன்னொரு கப்பல் எதிரிகளிடம் சிக்கி, வெடித்துச் சிதறப் போகிறது. அதிலிருந்த ஹாரியையும் ஒரு கைக்குழந்தையையும் இந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். ஆக, மீதி ஐந்து சீசனும் நாம் பார்ப்பது முதல் எபிசோடில் ஏறிய ஹாரி இல்லை! எபிசோடின் முடிவில் கேப்டனும் அவரும் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறார்கள். அவ்வளவோடு சரி. தன் சாவைப் பற்றித் தானே கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவன், தன்னைப் போலவே இருந்தவனின் அறையில், அவன் படுக்கையில் தூங்குகிறான். அடுத்த வாரம் வழக்கமான பொத்தான் வேலை.

எழுதுகிறவர்களுக்கு ஹாரியை எழுதத் தெரியவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1998இல் வந்த நூறாவது எபிசோட் ‘டைம்லெஸ்’ஸைப் பாருங்கள். தான் போட்ட கணக்குத் தப்பானதால் கப்பலில் இருந்த எல்லோரும் செத்தார்கள் என்ற பாரத்தோடு பதினைந்து ஆண்டு வாழ்ந்து, நரைத்து, எரிச்சலும் பிடிவாதமுமாக மாறிப்போன ஹாரி அதில் வருகிறார். முதல் கேள்விக்கு அன்றைக்குத்தான் நோட்டில் ஒழுங்கான பதில் எழுத முடியும். பிறகு என்ன ஆகிறது? காலத்தை மாற்றி எல்லோரையும் காப்பாற்றுகிறார். அதனாலேயே அந்த நரைத்த ஹாரி இல்லாமல் போகிறார். இளைய ஹாரிக்குக் கிடைப்பது தன்னிடமிருந்தே வந்த ஒரு வீடியோ செய்தி மட்டும். நல்ல ரெட், அழகாக விழுந்த ரெட். கதையின் விதியே அதை எடுத்து நடுவட்டத்தில் திரும்ப வைத்துவிட்டது.

எதிர் உதாரணம் ஒன்றும் பார்த்துவிடுங்கள்

ஹாரி மாதிரி ஒழுங்காக எழுதப்படாத மெலிந்த பாத்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் குறை சொல்லும் வாய்தான் வளரும். ஹாரியோடு சேர்த்து, இன்னொரு ஸ்டார் டிரெக் சீரியலான டீப் ஸ்பேஸ் நைனில் வரும் நோக் என்ற பையனையும் பாருங்கள். ஓடிய காலம் 1993 முதல் 1999 வரை. ஆரன் ஐசன்பர்க் நடித்தார். அவர் பெயர் ஒருநாளும் தொடக்க டைட்டிலில் வந்ததில்லை. ஹாரியாக நடித்தவரின் பெயரோ ஏழு ஆண்டும் வந்தது. ஆனால் நோக் திருட்டுப் பயலாகத் தொடங்கி, அப்பாவைப் போல முதுகு வளைந்து வாழ மாட்டேன் என்று சொல்லி அதிகாரிப் பயிற்சிக்குப் போய், போரில் ஒரு காலை இழந்து, கடைசி எபிசோடில் லெப்டினன்ட் ஆகிறான். காலை இழந்ததற்கு ஃபாலோவாக ஒரு முழு எபிசோடே உண்டு, 1998இல். நிஜ உலகத்துக்குத் திரும்பப் பயந்து, இசைக்கூடம் போன்ற ஒரு மாய அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறான் நோக். சண்டை இல்லை, எதிரி இல்லை. ஓரத்து ஆளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கினால் என்ன கிடைக்கும் என்று அதில் தெரியும். எங்கள் மாடியில் அன்று படம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போகவில்லை, கொசு கடித்தும்கூட.

அதே சீரியலில் மோர்ன் என்று ஒருவர் எல்லா நேரமும் மதுக்கடையில் உட்கார்ந்திருப்பார். வாயாடி என்று எல்லோரும் சொல்வார்கள், நம் காதில் ஒரு வார்த்தை விழாது. இதை மெலிந்த பாத்திரக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தெரிந்தே செய்த குறும்பு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையைக் காட்டும் சினிமாக்களில் வடசென்னைக்காரன் ரொம்ப காலம் ஓரத்து ஆளாகத்தான் இருந்தான். பெரிய ரவுடிக்குப் பின்னால் நிற்கும் நாலு பேரில் ஒருவன். பட்டப்பெயர் இருக்கும், பெயர் இருக்காது. லுங்கி இருக்கும், தங்கச்சி இருக்க மாட்டாள். இரண்டாவது ரீலில் அடி வாங்குவான். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வளர்ந்தவர்களுக்கு, திரையின் ஓரத்தில் நிற்கிறவனைப் பார்த்ததும் இவன் வீடு எங்கே என்று கேட்கத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். கூட்டத்தில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

திட்டுவதற்கு முன் தொழிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

நோட்டு கொஞ்சம் நிறைந்ததும் கோபம் வரும். அப்போது சீரியல் எப்படித் தயாரானது என்று ஒரு தடவை பாருங்கள். அந்தக் காலத்து அமெரிக்க சீரியல் ஆண்டுக்கு இருபத்தாறு எபிசோட் வரை எடுத்தது. வாயேஜரின் டைட்டிலில் ஒன்பது நடிகர்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் அன்றைய சிக்கல், அதன் தீர்வு, கேப்டன், வெளியிலிருந்து வந்த விருந்தாளி எல்லாம் போக, ஒன்பது பேருக்கு என்ன மிஞ்சும்? அதோடு, பழைய எபிசோடுகளை உள்ளூர் நிலையங்கள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பும். யார் எந்த எபிசோடில் நுழைந்தாலும் புரிய வேண்டும் என்பதால், ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லோரையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். கேரம் போர்டை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக அடுக்குவது போல. டீப் ஸ்பேஸ் நைன் போகப் போக இந்தப் பழக்கத்தை விட்டுத் தொடர்கதையாக மாறியது. நோக் வளர்ந்ததற்கு அதுவும் காரணம்.

அடுக்கி வைக்கும் பழக்கம் எவ்வளவு கொடுமையாகப் போகும் என்பதற்கு உஹுரா. 1966இல் தொடங்கிய முதல் ஸ்டார் டிரெக்கில் நிஷெல் நிக்கல்ஸ் செய்த பாத்திரம். 1967இல் வந்த ஓர் எபிசோடில் ஓர் இயந்திரம் அவருடைய அறிவு முழுவதையும் அழித்துவிடுகிறது. அ, ஆவிலிருந்து மறுபடி படிக்கிறார். ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவார் என்று டாக்டர் சொல்கிறார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவருடைய முதல் பெயர் நியோட்டா என்பது திரையில் சொல்லப்பட்டது 2009இல் வந்த திரைப்படத்தில்தான், நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து. முதல் சீசனோடு விலகிவிட நினைத்த நிக்கல்ஸை, விலகாதீர்கள் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். கறுப்பினப் பெண் ஒருவர் அந்த இடத்தில் இருப்பதே முக்கியம் என்று கிங்குக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் இருந்தவருக்கு ஒரு வீடு வாசல் எழுதித் தர எழுதுகிறவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள்.

காதல் கணக்கு

புதிதாக வருபவர்கள் முடிவு சொல்லாத காதல் எல்லாவற்றையும் ‘ஏமாத்திட்டாங்க’ என்ற ஒரே கூடையில் போடுவார்கள். பிரித்துப் பாருங்கள்.

விதி குறுக்கே நிற்பது ஒரு வகை. ஸ்டார்கேட் எஸ்ஜி ஒன்னில் ஓனீலும் கார்ட்டரும் ஒரே ராணுவ அணி. அவர் மேலதிகாரி, அவள் அவருக்குக் கீழே. 2000இல் ஓர் எபிசோடில், பொய்யைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தின் முன்னால் வேறு வழியில்லாமல் இருவரும் உண்மையைச் சொல்கிறார்கள், இது இந்த அறையைத் தாண்டிப் போக வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். சீரியல் 2007 வரை ஓடியது. பேச்சு அறையைத் தாண்டவே இல்லை. எனக்கு இதில் புகார் கிடையாது. அவர்கள் சொல்லாமல் இருப்பதற்கு இருக்கும் காரணம் நமக்குத் தெரிகிறது, ஒவ்வொரு முறை பக்கத்தில் நிற்கும்போதும் அது ஞாபகத்துக்கு வருகிறது. கட்டிப்பிடித்துக்கொள்வதுதான் ஃபாலோ என்று யார் சொன்னது?

மறந்துபோவது இன்னொரு வகை. வாயேஜரின் கேப்டன் ஜேன்வேயும் துணைக் கேப்டன் சக்கோட்டேயும் 1996இல் ‘ரெசல்யூஷன்ஸ்’ என்ற எபிசோடில் நோயின் காரணமாக ஒரு கிரகத்தில் தனியாக விடப்படுகிறார்கள். தன் இனத்தின் பழங்கதை என்று சொல்லி சக்கோட்டே ஒரு கதை சொல்கிறார்: கோபக்கார வீரன் ஒருவன், ஒரு பெண் வீரருக்குத் துணையாக நின்றதில் அமைதியைக் கண்டான் என்று. நிஜமாகவே பழங்கதையா என்று அவள் கேட்க, இல்லை, இப்படிச் சொன்னால் எளிதாக இருந்தது என்கிறார். இருவர் கையும் கோத்துக்கொள்கின்றன. கொஞ்ச நாளில் மருந்தோடு கப்பல் திரும்பி வருகிறது. சீருடையைப் போட்டுக்கொள்கிறார்கள், வேலைப் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெண் கேப்டன் தன் கீழே வேலை செய்பவரைக் காதலிப்பதை ஜேன்வேயாக நடித்த கேட் முல்குரூவே விரும்பவில்லை; அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதைக் கதைக்குள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் விட்டு, 2001இல் முடிகிற நேரத்தில் சக்கோட்டேவைக் கொண்டுபோய், அதே கப்பலில் இருக்கும் செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணோடு சேர்த்து வைத்தார்கள். எங்கள் மாடியில் இதைப் பார்த்த ஓர் அக்கா, “இன்னாடா இது, முகூர்த்தம் முடியப்போகுதுன்னு கெடச்ச பொண்ணு கழுத்துல கட்டிட்டான்” என்றார். மூன்றாவது வகையான அவசரக் கல்யாணத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

நடிகர் விலகிப்போவதால் அறுந்துபோவது நான்காவது வகை. இதில் பழி சொல்லும் முன் கொஞ்சம் பொறுங்கள். பாபிலோன் ஃபைவ் என்ற சீரியலில் இவனோவா, டாலியா என்ற இரண்டு பெண்களுக்கு இடையே ஏதோ மலர்ந்துகொண்டிருந்தபோது, 1995இல் டாலியாவாக நடித்தவர் விலகினார், கதை முறிந்தது. அடுத்த ஆண்டு ஒரு சடங்குக் காட்சியில், டாலியாவைத் தான் காதலித்ததாக நினைக்கிறேன் என்று இவனோவா ஒரே வரி சொல்கிறாள். ஒரே வரி. காய் மெதுவாக உருண்டு போய்க் குழியில் விழுந்துவிட்டது. ஃபாலோவுக்கு முழு எபிசோட் வேண்டியதில்லை என்பதற்கு இதைத்தான் எப்போதும் காட்டுவேன்.

காத்திருந்தால் வரும் என்பதும் உண்டு. ஸ்டார் டிரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனில் கேப்டன் பிகார்டும் டாக்டர் கிரஷரும் 1993இல் ஓர் எபிசோடில் மனத்தால் இணைக்கப்பட்டு, மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்து, கடைசியில் அவள் பின்வாங்கிவிட்டாள். 2023இல் வேறொரு சீரியலில், இவர்களுக்கு வளர்ந்த மகன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தது. முப்பது வருடம்! நடுவில் என்ன நடந்தது என்பதை வாயால் சொல்லிக் கடந்துவிட்டார்கள் என்பது என் குறை.

கூட்டமாகப் பார்ப்பதானால்

நாலு பேர் போதும். பழைய வேட்டி திரை, வாடகை புரொஜெக்டர். ஒரு முறைக்கு இரண்டு எபிசோட், நடுவில் டீ. பேசும்போது எந்தக் காட்சி என்று சொல்லாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது மட்டும் எங்கள் சட்டம். ஆடி மாதத்தில் மாடியில் வைக்காதீர்கள். கூழ் ஊற்றும் ஒலிபெருக்கிக்கு முன்னால் எந்த விண்கப்பலும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஐபிஎல் நாளில் யாரும் வர மாட்டார்கள்.

கடைசியாக ஒரு பக்கம் எழுதுங்கள்

ஐந்தாறு வாரம் கழித்து, நீங்கள் பிடித்த ஆளுக்கு விழாமல் போன ஃபாலோவை நீங்களே போட வேண்டும். ஒரு பக்கம்தான். புது எதிரி, புது கிரகம் கூடாது. சீரியலில் ஏற்கெனவே நடந்த ஒன்றுக்கு மறுநாள் காலை என்ன ஆனது என்று மட்டும் எழுத வேண்டும். இதை எழுதிப் பார்த்தால், அந்தச் சீரியலை எழுதியவர்கள் மேல் கொஞ்சம் இரக்கமும் வரும். ஒரு பக்கமே எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் காதல் காட்சிதான் எழுதுவார்கள். லாரி ஓட்டும் நண்பர் மனு எழுதிக்கொண்டு வந்தார். பெறுநர் கேப்டன் ஜேன்வே அவர்கள். பொருள்: பதவி உயர்வு கோருதல் தொடர்பாக. ஐயம் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார் ஹாரி கிம். இந்தக் கப்பலில் முதலில் பணியில் சேர்ந்த ஹாரி கிம் இறந்துவிட்டார். தாம் அதே பெயரில் பக்கத்துக் கப்பலிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆகவே தம்முடைய சர்வீஸ் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும், இறந்தவருக்குச் சேர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளத் தமக்கு உரிமை உண்டா என்பதையும் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.